காலிக் கொட்டகை யார் கணக்கில்?

மேலாண்மை படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: “கிராமத்து விவசாயத்தில் நிறுவனம், விவசாயி, வியாபாரி, வங்கி, லாரிக்காரர் எல்லோரும் சேர்ந்தது ஒரு ‘பிசினஸ் எக்கோசிஸ்டம்’, இவர்கள் சேர்ந்து மதிப்பை உருவாக்கி, சேர்ந்தே பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பாடத்தில் வருகிறது. நடைமுறையில் இது எப்படி நடக்கிறது? விவசாயிக்கு உண்மையிலேயே பங்கு கிடைக்கிறதா?”

இந்தச் சொல்லைத் தொழில் உலகத்துக்குள் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் மூர் என்ற அமெரிக்க மேலாண்மை ஆய்வாளர், 1993-ல். காட்டில் உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைப் போலத்தான் நிறுவனங்களும் என்பது உவமை. நல்ல உவமைதான். மானும் புலியும்கூட ஒரே காட்டில்தான் இருக்கின்றன என்பதை மட்டும் மறக்காமல் படித்தால் போதும்.

எனக்குப் பழக்கமானது கொங்குப் பக்கத்துக் கறிக்கோழி. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரத்தில் தீவனம், குஞ்சு என்று பல வருடம் பண்ணை பண்ணையாக அலைந்திருக்கிறேன். பொதுவாகப் பேசுவதைவிட, அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒப்பந்த முறை வருவதற்கு முன்பு கறிக்கோழி வளர்த்தவர் ஓரிடத்தில் குஞ்சு வாங்குவார், இன்னோர் இடத்தில் தீவனத்தைக் கடனுக்கு எடுப்பார், மருந்துக் கடைக்காரர் சொன்ன மருந்தைப் போடுவார், கடைசியில் வியாபாரி வாசலுக்கு வந்து சொல்லும் விலைக்குக் கொடுப்பார். நெல்லை மூட்டை கட்டி இரண்டு மாதம் வைத்திருந்து பார்க்கலாம். கோழியை அப்படி வைத்திருக்க முடியாது. எடைக்கு வந்துவிட்ட கோழி அதன்பிறகு நிற்கும் ஒவ்வொரு நாளும் தீவனம் தின்றே நம்மைக் கடனாளியாக்கும். இது வியாபாரிக்கும் தெரியும். விலை விழுந்த மாதத்தில் பண்ணைக்காரர் தீவனக் கடையில் தலை காட்ட முடியாது. கடைக்காரருக்கும் பணம் வராது. ஒருவர் விழுந்தால் வரிசையாக எல்லோரும் விழுந்தார்கள்.

1984-ல் உடுமலைப்பேட்டையில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய சுகுணா போன்ற நிறுவனங்கள் 1990-களின் தொடக்கத்தில் இதை வேறு மாதிரி கட்டின. குஞ்சு, தீவனம், மருந்து, மேற்பார்வை எல்லாம் நிறுவனத்துடையது. இடம், கொட்டகை, தண்ணீர், கரண்ட், கூலி, கீழே விரிக்கும் நார்த்தூள் எல்லாம் பண்ணைக்காரருடையது. கோழியின் சொந்தக்காரர் நிறுவனம்தான். வளர்த்துக் கொடுப்பதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி.

இதில் மதிப்பு கூடியது மாயம் ஒன்றும் இல்லை. கோழி வளர்ப்பில் மொத்தச் செலவில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு தீவனம். மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் லாரிக் கணக்கில் வாங்கி, சொந்த ஆலையில் அரைத்தால் ஒரு விலை. கடையில் மூட்டையாக வாங்கினால் இன்னொரு விலை. குஞ்சுப் பொரிப்பகமும் தீவன ஆலையும் பண்ணையும் ஒரே திட்டத்தில் ஓடினால் எதுவும் சும்மா நிற்காது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சூப்பர்வைசர் வந்து செத்த கோழியை அறுத்துப் பார்த்து, நோய் பரவும் முன்பே பிடித்துவிடுவார். 35 முதல் 40 நாளில் 2 கிலோ கோழி, கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிலோ தீவனம் என்ற கணக்கு வந்திருப்பதில் நல்ல இனக் குஞ்சோடு இந்த ஒழுங்குக்கும் பங்கு உண்டு என்பேன்.

அப்புறம் இதன் ஓரங்களைப் பாருங்கள். பெரம்பலூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மக்காச்சோளத்துக்கு நிச்சயமான வாங்குநர் கிடைத்ததே கோழித் தீவனத்தால்தான். பொள்ளாச்சி கயிறு ஆலைகளில் மலையாகக் குவிந்து கிடந்த தென்னை நார்த்தூள், தரையில் கனமாக விரிக்கும் ஆழ்கூளமாகக் கொட்டகைக்குள் வந்தது. ஒரு பேட்ச், அதாவது ஒரு தடவை இறக்கிய குஞ்சுகள் வளர்ந்து பிடித்து முடிந்ததும் அதுவே கோழி எருவாகித் தோப்புக்குப் போகிறது, அந்த எருக் காசு பண்ணைக்காரருக்கு. கொட்டகை போடும் ஃபேப்ரிகேஷன்காரர், கொட்டகையின் பக்கங்களை மூடும் படுதா தைப்பவர், ராத்திரியில் கோழி பிடிக்கும் ஆட்கள், எடை மேடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சில்லி சிக்கன் கடை என்று ஒரு சின்ன உலகமே இதில் ஓடுகிறது. பாடத்தில் வரும் படத்தில் அம்புக்குறிகளாகப் போடுவது இவர்களைத்தான்.

சரி, பங்கு. இங்கேதான் பாடம் அவசரமாகத் தாண்டிப்போகிறது. பங்கு என்றதும் எல்லோரும் வளர்ப்புக் கூலியைத்தான் பார்க்கிறார்கள். போராட்டமும் அதற்குத்தான் நடக்கிறது. ஆனால் ஒரு பண்ணைக்காரரின் பங்கைத் தீர்மானிப்பதில் கூலிக்கு இரண்டாம் இடம்தான். அளக்கும் கோல் யார் கையில் இருக்கிறது, கொட்டகையின் காலி நாளை யார் சுமக்கிறார், வேறு கதவு இருக்கிறதா என்பவைதான் முதலில்.

அளக்கும் கோலிலிருந்து தொடங்குகிறேன். 5,000 கோழிக் கொட்டகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக எண்கள் போடுகிறேன், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 200 குஞ்சு செத்து 4,800 கோழி தேறி, தலைக்கு 2 கிலோ என்றால் 9,600 கிலோ. கிலோவுக்கு ஆறரை ரூபாய் கூலி என்றால் 62,400 ரூபாய். இப்போது அந்தப் பண்ணைக்காரர் கவனமாக இருந்து, தீவனத்தைச் சிந்தாமல், படுதாவை நேரத்துக்கு ஏற்றி இறக்கி, எஃப்.சி.ஆர். கணக்கை, அதாவது ஒரு கிலோ கோழிக்கு எத்தனை கிலோ தீவனம் என்ற விகிதத்தை, 1.60-லிருந்து 1.55-க்குக் கொண்டுவந்துவிட்டார். மிச்சம் 480 கிலோ தீவனம். கிலோ 40 ரூபாய் என்றாலே 19,200 ரூபாய். இந்தப் பணம் நேற்றுவரை இல்லை, அவருடைய கவனத்தில் இன்றைக்குப் பிறந்தது. அதாவது கிலோ கோழிக்கு 2 ரூபாய். ஊக்கத்தொகையாக அவருக்குக் கிலோவுக்கு 50 பைசா வந்தால் 4,800 ரூபாய். மீதி 14,400 மேலே போகிறது. மதிப்பு உருவாவதும் பங்கிடப்படுவதும் வேறு வேறு விஷயம் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியாது.

மேலே போவது தவறு என்று சொல்லவில்லை. நல்ல குஞ்சும் நல்ல தீவனமும் வந்ததால்தான் 1.55 சாத்தியமானது என்று நிறுவனம் சொல்லும். அதிலும் உண்மை உண்டு. ஆனால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குஞ்சு மட்டமாக வந்து, எஃப்.சி.ஆர். 1.70-க்குப் போனால் பிடித்தம் யாருடைய கூலியில்? நிறுவனம் வைத்திருக்கும் உற்பத்திச் செலவு அளவுகோலில் குஞ்சு விலையும் தீவன விலையும் நிறுவனமே போடுவது. அந்த அளவுகோலைத் தாண்டினால் பண்ணைக்காரர் கூலியில் கழியும். வெளியாள் யாரும் அந்தத் தீவனத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஒரு ராத்திரி எனக்கு மறக்கவே இல்லை. கோழி பிடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிடுவார்கள். லாரி பத்து மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள், பண்ணைக்காரர் மாலையிலேயே தீவனப் பாத்திரங்களை மேலே தூக்கிக் கட்டிவிட்டார். லாரி வந்தபோது விடிகாலை மூன்றரை. வாசலில் தராசு வைத்து, காலிக் கூண்டின் எடையைக் கழித்து, கூண்டு கூண்டாகப் போடுகிறார்கள். பண்ணைக்காரர் டார்ச் அடித்து முள்ளைப் பார்த்துக்கொண்டே, “ஏனுங்க, இத்தன நேரம் பட்டினி கெடந்திருக்குது, எட கொறையாதுங்களா?” என்றார். சூப்பர்வைசருக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். “ரூட்டுல ரெண்டு பண்ணை லேட்டுங்கண்ணா, நா என்னங்கண்ணா பண்றது” என்று அவரும் பாவமாகத்தான் சொன்னார். கோழி ஒன்றுக்கு 40 கிராம் குறைந்தது என்று வைத்தாலும் 4,800 கோழிக்கு 192 கிலோ. தின்ற தீவனம் கணக்கில் அப்படியே நிற்கிறது, எடை மட்டும் குறைந்துவிட்டது. கூலியும் குறையும், எஃப்.சி.ஆரும் கெடும். லாரி தாமதமானதன் விலையை லாரிக்குத் துளிகூடச் சம்பந்தமில்லாதவர் கட்டினார். ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி இருந்திருந்தால் போதும். இல்லை.

அடுத்தது காலி நாள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கண்ணில் படாதது இது, நான் பெரிதாக நினைப்பதும் இதைத்தான்.

ஒப்பந்த முறையின் மிகப் பெரிய வரம், விலை வீழ்ச்சி பண்ணைக்காரரைத் தொடாது என்பது. புரட்டாசி மாதம் பாதி ஊர் கவுச்சியைத் தொடாது. பல்லடத்தில் பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு தினமும் அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை சரியும். உற்பத்திச் செலவுக்குக் கீழே போனாலும் நட்டம் நிறுவனத்துக்குத்தான், பண்ணைக்காரருக்குக் கூலி வந்துவிடும். இது சின்ன விஷயம் இல்லை. பழைய முறையில் இந்த மாதங்களில்தான் குடும்பங்கள் நகையை அடகு வைத்தன.

ஆனால் விலை விழும் என்று தெரிந்தால் நிறுவனம் என்ன செய்யும்? குஞ்சு இறக்குவதைக் குறைக்கும், தள்ளிப்போடும். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியான முடிவுதான். அப்போது கொட்டகை காலியாக நிற்கும். கோழி இல்லாத கொட்டகைக்குக் கூலி கிடையாது, வங்கித் தவணை மட்டும் உண்டு. விலை அபாயம் பண்ணைக்காரரை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தோம். அது காலி நாள் என்ற வேறு சட்டை போட்டுக்கொண்டு கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது.

2020-ன் தொடக்கத்தில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தியில் விலை அடிமட்டத்துக்குப் போனது ஞாபகம் இருக்கும். கோழியில் போட்ட பணத்தை இழந்தது நிறுவனங்கள், அதில் சந்தேகமில்லை. அதன்பிறகு குஞ்சு வராத வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தது பண்ணைக்காரர்கள்.

இதை எண்ணில் பார்த்தால் உறைக்கும். வளர்ப்புக்கு 40 நாள், கழுவிக் கிருமி நீக்கி உலரவிட இரண்டு மூன்று வாரம். ஆக வருடத்துக்கு 6 பேட்ச் எடுக்கலாம். மேலே சொன்ன கொட்டகையில் 6 பேட்சுக்கு 3,74,400 ரூபாய். இப்போது போராடிக் கூலியை ஒரு ரூபாய் ஏற்றி ஏழரை ஆக்கிவிட்டோம், ஆனால் வருடத்தில் ஒரு பேட்ச் குறைந்துவிட்டது. 5 பேட்சுக்கு 3,60,000. ஒரு பேட்சுக்கான கரண்ட், கூலி, நார்த்தூள் செலவு மிச்சம் என்று கழித்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்திலேயே நிற்போம். கிலோவுக்கு ஒரு ரூபாய் உயர்வு என்பது இந்தத் தொழிலில் பெரிய வெற்றி. அதை ஒரு காலிப் பேட்ச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அப்படியிருந்தும் வருடத்துக்கு இத்தனை பேட்ச் உறுதி என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.

தமிழ்நாடு 2019-ல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது, நாட்டில் முதல் மாநிலமாக. ஒப்பந்தம் போடும்போது பேசிய விலை அறுவடையில் மாறக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். நல்லது. ஆனால் காலி நாள் ஒரு விலை இல்லையே, அது எந்தப் பத்தியில் வரும்?

இதற்கு வேறு வழி இருக்கிறதா என்றால், குஜராத்தில் கேடா மாவட்டத்துப் பால்காரர்கள் 1940-களிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை போல்சன் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. 1946 ஜனவரியில் சமர்க்கா கிராமத்தில் கூடி, 15 நாள் பால் ஊற்றாமல் நின்றார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் அந்த வருடம் டிசம்பரில் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. பின்னாளில் அமுல் ஆனது அதுதான். இது வரை எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் கவனிக்கச் சொல்வது அடுத்த கட்டத்தை. எருமைகள் குளிர்காலத்தில் அதிகம் கறக்கும், கோடையில் குறையும். குளிர்காலத்தில் வரும் பாலை முழுக்க வாங்கப் பம்பாயால் முடியவில்லை. மிஞ்சியதை என்ன செய்வது? பாலைத் திருப்பி அனுப்பிவிடலாம், அதுதான் எளிது. அதாவது காலி நாளைப் பால்காரர் தலையில் கட்டுவது. அதைச் செய்யாமல், 1955-ல் ஆனந்தில் பால்பவுடரும் வெண்ணெயும் எடுக்கும் ஆலை கட்டினார்கள். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருக்க, தலாயா என்ற பொறியாளர் செய்து காட்டினார். அமுலை வளர்த்த குரியன் பெயர் தெரிந்த அளவுக்கு அவர் பெயர் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த ஆலை வெறும் இயந்திரம் இல்லை. கொண்டுவந்த பாலை எந்த நாளிலும் எடுத்துக்கொள்வோம் என்ற வாக்கைக் காப்பாற்றும் கருவி. உபரியைச் சுமக்கும் வேலையை நடுவில் இருப்பவர் ஏற்றுக்கொண்டார். பிராய்லரில் அந்த வேலை ஓரத்தில் இருப்பவர் தலையில். கோழியைப் பவுடராக்க முடியாது என்பீர்கள், உண்மைதான். ஆனால் உறைய வைத்துச் சேமிக்கலாம். நம் ஊரில் கண்முன்னே வெட்டினால்தான் வாங்குவோம் என்பதால் அந்த வழி பெரிதாக வளரவில்லை. பங்கு சரியில்லை என்பதில் நுகர்வோரான நமக்கும் கொஞ்சம் கை இருக்கிறது.

கூட்டுறவு என்றாலே நியாயம் என்று சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்துச் சங்கத்தில் பாலின் அடர்த்தியை மட்டும் காட்டும் லாக்டோமீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஒரே விலை போட்டார்கள் பல வருடம். கெட்டிப் பால் ஊற்றியவரும் தண்ணீர் கலந்தவரும் ஒன்றானார்கள். நல்ல பால்காரர்கள் ஒவ்வொருவராகத் தனியார் வண்டிக்கு மாறிவிட்டார்கள். அளவு கெட்டால் கொடி எந்த நிறமானாலும் பங்கும் கெடும். அதே சமயம், 2020 ஊரடங்கில் டீக்கடைகள் மூடி, தனியார் கொள்முதலைக் குறைத்தபோது அந்தப் பால் ஆவின் பக்கம்தான் திரும்பியது. நெருக்கடி நாளில் கதவு திறந்திருக்கிறதா என்பதில்தான் தனியாருக்கும் கூட்டுறவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது.

கதவு என்றதும் மத்தியப் பிரதேசத்துச் சோயா ஞாபகம் வருகிறது. 2000-ல் ஐ.டி.சி. நிறுவனம் அங்கே இ-சௌபால் என்ற கொள்முதல் மையங்களைத் தொடங்கியது. கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டிலேயே கம்ப்யூட்டர், நாளைக்கு ஐ.டி.சி. வாங்கும் விலை இன்றைக்கே தெரியும். அதற்கு முன்பு மண்டிக்கு வண்டியைக் கட்டிக்கொண்டு போன பிறகுதான் ஏலத்தில் விலை தெரியும். அந்த விலை பிடிக்காவிட்டாலும் மூட்டைகளைத் திருப்பி ஓட்டிவர யாருக்குத் தெம்பு இருக்கும்? பழைய கமிஷன் ஏஜென்டுகளை விரட்டாமல், சரக்கு கையாளும் வேலையைக் கொடுத்து உள்ளேயே வைத்துக்கொண்டதும் கெட்டிக்காரத்தனம்தான். விரட்டியிருந்தால் அவர்களே கவிழ்த்திருப்பார்கள். ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இதைப் பற்றி அபராஜிதா கோயல் என்ற பொருளாதார ஆய்வாளர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மையங்கள் வந்த இடங்களில் மண்டியிலேயே சோயா விலை 1 முதல் 3 சதவீதம் ஏறியது என்று கண்டார். ஐ.டி.சி.க்கு ஒரு மூட்டைகூட விற்காத விவசாயிக்கும் காசு கூடியிருக்கிறது. இரண்டாவது கதவு ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் முதல் கதவுக்காரர் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டார், அவ்வளவுதான்.

பிராய்லரில் இந்தக் கதவு இடத்தைப் பொறுத்தது. நாலு நிறுவனத்துத் தீவன லாரி போகும் சாலையில் கொட்டகை வைத்திருப்பவர், இவர் குஞ்சு தராவிட்டால் அவரிடம் கேட்பார். தீவன ஆலையிலிருந்து தள்ளி, ஒரே நிறுவனம் மட்டும் வரும் ஊரில் கட்டியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டிய கோழிக் கொட்டகையில் கோழியைத் தவிர வேறென்ன வளர்க்க முடியும்? காளான் போடுகிறேன், ஆடு விடுகிறேன் என்று முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் திரும்பவும் கோழிக்கே வந்துவிட்டார்கள். கொட்டகை கட்டும் நாள்வரை பேரம் பேசும் பலம் விவசாயியிடம். கூரை போட்ட மறுநாள் அது கை மாறிவிடுகிறது. அதனால் கட்டப்போகிறேன் என்று வருபவர்களிடம் கூலி எவ்வளவு என்று கேட்காதீர்கள், அந்தச் சாலையில் எத்தனை கம்பெனி லாரி போகிறது என்று ஒரு வாரம் டீக்கடையில் உட்கார்ந்து எண்ணுங்கள் என்றுதான் சொல்வேன்.

உங்கள் படிப்புக்கு இதை வைத்து ஏதாவது செய்ய நினைத்தால், பெரிய கேள்வித்தாள் தயாரித்து அலைய வேண்டாம். ஒரு பத்துப் பண்ணைக்குப் போங்கள். ஒவ்வொரு கொட்டகையிலும் வாசலை ஒட்டிப் பேட்ச் அட்டை தொங்கும், பழைய அட்டைகளைப் பெரும்பாலும் பத்திரமாக வைத்திருப்பார்கள். குஞ்சு இறங்கிய தேதியும் கோழி பிடித்த தேதியும் அதில் இருக்கும். பிடித்த நாளுக்கும் அடுத்த குஞ்சு இறங்கிய நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று இரண்டு வருடத்துக்கு எண்ணிக்கொண்டு வாருங்கள். கழுவி உலர்த்த மூன்று வாரம் கழித்துவிட்டு, மிச்சமுள்ள நாட்களை மாதவாரியாக எழுதி, பக்கத்திலேயே அந்த மாதத்துப் பல்லடம் விலையையும் எழுதுங்கள். புரட்டாசிக்கு முந்தைய வாரங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.